கிடக்கும் திசை

1

தட்டையாகிப்போன ஒரு பின்மண்டையை முன்வைத்துத் தார்மீகம் பேசலாமா என்று கேட்கப்படலாம். பேசலாம் என்றே நினைக்கிறேன். இருப்பு, மரணம், சுதந்திரம் பற்றியெல்லாம் நம் சிறுபத்திரிகைகளில் நிறைய எழுதியாகிவிட்டது. அதில் எவ்வளவு, குழந்தை படுத்திருக்கும் ஒரு கூடத்தில் போய் நின்று இரண்டு நிமிஷம் தாக்குப்பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு சிந்தனையை அதன் சொந்தத் தளத்தில் சோதிப்பது சுலபம். பாயின்மேல் வைத்துச் சோதிப்பது கஷ்டம்.

பாயின்மேல் கிடப்பது என் மகளின் குழந்தை. மூன்று மாதம். பின்மண்டையில் வலது பக்கம் சப்பையாகிவிட்டது. உச்சியிலிருந்து பார்த்தால் வலது காது இடது காதைவிடச் சற்று முன்னால் தள்ளியிருப்பது தெரியும். டாக்டர் பார்த்தார். மண்டையோட்டின் பொருத்துகள் காலத்துக்கு முன்னால் இணைந்துவிடவில்லை, கழுத்துத் தசையில் இறுக்கம் இல்லை, எப்போதும் ஒரே பக்கம் தலையைச் சாய்த்துப் படுத்ததால் வந்தது, மூளைக்கு இதனால் ஒன்றுமில்லை என்றார். தூங்கும்போது மல்லாக்கத்தான் போடவேண்டும். விழித்திருக்கும்போது கூடவே இருந்து குப்புறப் போட்டுப் பழக்கவேண்டும். தலைமாடு கால்மாட்டைத் தினம் மாற்றவேண்டும். நிறையத் தூக்கி வைத்துக்கொள்ளவேண்டும். மருத்துவத்தில் விஷயம் அத்தோடு முடிந்தது. வீட்டில் அங்கேதான் ஆரம்பித்தது.

"பொறந்த அன்னிக்கே என்னைக் கூப்பிட்டிருந்தா உருட்டி உருட்டி எலுமிச்சம்பழமா ஆக்கியிருப்பேனே கண்ணு" என்றாள் குளிப்பாட்ட வரும் ஆயா. "மல்லாக்கவே போட்டு வச்சா தோசைக்கல்லாத்தான் ஆவும்" என்றார் சம்பந்தியம்மா. "தூக்கத்துல குப்புறப் போட்டா ஆபத்துன்னு சொல்றாங்க அத்தை" என்றாள் என் மகள். "யாரு சொல்றாங்க? நாங்க பெத்து வளக்கலையா?" என்று பதில் வந்தது. சம்பந்தியம்மா ஐந்து பெற்றவர். மூன்று நின்றன. நிற்காத இரண்டைப்பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை, அவரும் பேசுவதில்லை. எதனால் போயிற்று என்பது அவருக்கே தெரியாது. வாதத்தில் அந்த இரண்டும் எந்தப் பக்கமும் சேராமல் கூடத்தில் இருந்தன.

பிள்ளையார்பாளையத்தில் நடந்த இந்த வாக்குவாதத்தில் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. தன் சம்மதத்தைச் சொல்ல முடியாத ஓர் உயிருக்கு நாம் உருவம் கொடுக்கலாமா? கொடுக்காமல் இருக்க முடியுமா?

2

இரண்டாவது கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம். முடியாது.

பிறக்கும்போது மண்டையோடு ஒரே எலும்பு அல்ல. தனித்தனித் தகடுகள், நடுவில் நார்த்திசு, உச்சியில் துடிக்கும் ஒரு குழி. பின்பக்கத்துச் சின்னக் குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். உச்சிக்குழி மூட ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ ஆகும். அந்த முதல் வருஷத்தில் மூளை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. பிறந்தபோது 34, 35 சென்டிமீட்டராக இருந்த தலைச்சுற்றளவு வருஷ முடிவில் 46 சென்டிமீட்டரைத் தொடுகிறது. இவ்வளவு வேகமாக வளரும் ஒன்று, எங்கே தடுக்கப்படுகிறதோ அங்கே நின்றுகொண்டு, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே பெருக்கும். ஒரு பக்கம் சப்பையாவதற்கு யாரும் அழுத்தவேண்டியதில்லை. தலையின் சொந்த எடையும் தரையும் போதும்.

'தொடாமல் விட்டுவிடுவோம், இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்பது நவீன மனத்துக்கு மிகவும் பிடித்த நிலை. ஆதிக்கம் செய்யாத அன்பு என்று அதற்குப் பெயரும் கொடுத்துக்கொள்ளலாம். ஆனால் தொடாமல் விட்ட இடத்தில் தரை தொடுகிறது. தரையும் ஒரு கைதான். ஆயாவின் கையாவது குழந்தை அழுதால் நின்றுவிடும், தரை நிற்காது. ஆகவே உருவம் கொடுப்பதா வேண்டாமா என்ற தேர்வு நமக்கு வழங்கப்படவே இல்லை. எந்தக் கைக்கு விடுவது என்ற தேர்வு மட்டும்தான் இருக்கிறது. நடுநிலை என்று ஒருவன் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம் அவன் படுத்திருக்கும் தரை எது என்று பார்ப்பது நல்லது. இலக்கிய விமர்சனத்துக்கும் இது பொருந்தும் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

3

என் மகள் சொன்ன 'ஆபத்து'க்கு ஒரு சரித்திரம் உண்டு. பின்மண்டையின் தட்டை அதில் ஒரு பங்கு வகித்திருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது.

1946-ல் முதல் பதிப்பு வந்த பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல், அமெரிக்காவில் அநேகமாக வீட்டுக்கு வீடு இருந்த புத்தகம். 1950-களின் பிற்பகுதியிலிருந்து வந்த பதிப்புகளில் அவர் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்துப் பழக்குவதே நல்லது என்று சொல்லலானார். இரண்டு காரணங்கள் கொடுத்தார். மல்லாந்து படுத்தால் வாந்தி எடுக்கும்போது புரையேறலாம் என்பது ஒன்று. இன்னொன்று, மல்லாந்த குழந்தை ஒரே பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு படுக்கும், அந்தப் பக்கம் தட்டையாகிவிடும் என்பது. கனிவும் நல்லெண்ணமும் உள்ள மனிதர். சொன்ன இரண்டாவது காரணம் உண்மையும்கூட.

குப்புறப் படுத்துத் தூங்கும் குழந்தைகள் காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோவது அதிகம் என்பதற்கான சான்று பல நாடுகளில் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. நியூஸிலாந்திலும் பிரிட்டனிலும் 1991-ல், அமெரிக்காவில் 1994-ல், 'மல்லாக்கப் போடுங்கள்' என்ற பிரச்சாரம் தொடங்கிற்று. தொடர்ந்து வந்த பத்தாண்டுகளுக்குள் அமெரிக்காவில் அத்தகைய மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2005-ல் ரூத் கில்பர்ட்டும் மற்றவர்களும் பழைய ஆய்வுகள் அனைத்தையும் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். கிடைத்திருந்த சான்றுகளை யாராவது ஒழுங்காகத் தொகுத்திருந்தால் 1970-லேயே உண்மை தெரிந்திருக்கும். பிரிட்டனில் மட்டும் 10,000-க்கு மேற்பட்ட குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து எல்லாம் சேர்த்துக் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

உருண்டையான மண்டைக்காக மட்டும் அவை சாகவில்லை. புரையேறும் என்ற பயமும் சேர்ந்திருந்தது. ஆனாலும் தட்டையைப் பற்றிய கவலை அந்தத் தராசில் ஒரு படிக்கல்லாகப் போடப்பட்டிருந்தது என்பதை மறுக்க முடியாது.

மல்லாக்கப் படுக்கவைக்கத் தொடங்கியதும் எதிர்பார்த்ததுபோலவே மண்டைகள் தட்டையாயின. கனடாவில் கால்கரி நகரில் 7 முதல் 12 வாரம் வரையிலான 440 குழந்தைகளைப் பார்த்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில் 46.6 சதவிகிதத்துக்கு ஏதோ ஓர் அளவில் தட்டை இருந்தது, பெரும்பாலும் லேசானது. இரண்டில் ஒரு குழந்தை என்றாகிறபோது இதைத் தாயின் அஜாக்கிரதை என்று சொல்வது அறிவுக்குப் பொருந்தாது. அது உயிருக்குக் கொடுத்த விலை. மிகச் சின்ன விலை.

பிரச்சனை எங்கே வருகிறது என்றால், விலை கண்ணுக்குத் தெரிகிறது. வாங்கிய பொருள் தெரிவதில்லை. தட்டையான மண்டையைத் தாய் தினம் ஐம்பது தடவை பார்க்கிறாள். தெருவில் போகிறவள் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறாள். நிகழாமல் போன மரணத்தை யாரும் பார்ப்பதில்லை. அதற்கு முகம் கிடையாது. இந்தக் குழந்தைதான் அப்படிப் பிழைத்தது என்று எந்தக் குழந்தையையும் சுட்டிக்காட்ட முடியாது. எண்ணிக்கையில்தான் அது இருக்கிறது. மனிதனின் தார்மீக உணர்வு கண்ணில் பட்டதற்கே துடிக்கிறது. அதனால்தான் அது உயிருள்ளதாக இருக்கிறது. அதனால்தான் ஏமாறவும் செய்கிறது. பாதுகாக்கிறவனுக்குப் பாராட்டுக் கிடைப்பதில்லை. அவன் வெற்றி பெற்றால் எதுவுமே நடப்பதில்லை. எதுவும் நடக்காததற்கு யார் நன்றி சொல்வார்கள்? தாய்மைக்குச் சூட்டப்படும் அலங்கார வார்த்தைகளை எல்லாம் உதறிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது இந்த நன்றி வராத காவல்தான் என்று தோன்றுகிறது.

4

'தலை அழகாக இருக்கவேண்டும்' என்ற ஆசையையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும். எது அழகு, யாருக்கு?

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் சினூக் மக்கள் கைக்குழந்தையின் நெற்றியில் பலகை வைத்துக் கட்டித் தட்டையாக்கினார்கள். தட்டை நெற்றி சுதந்திரமாகப் பிறந்தவனின் அடையாளம். அடிமைகளின் குழந்தைகளுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. அவர்கள் தலை உருண்டையாகவே இருந்தது. பெரு நாட்டின் பராக்காஸ் கல்லறைகளில் நீட்டிவிடப்பட்ட மண்டைகள் கிடைத்திருக்கின்றன. பிரான்ஸில் துலூஸ் பக்கத்துக் கிராமங்களில் குழந்தையின் தலையை இறுக்கிக் கட்டும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருந்தது. நம் ஆயா விரும்பும் எலுமிச்சம்பழம் சினூக் பாட்டியின் கண்ணுக்கு அடிமைத் தலை. அழகு பற்றிய எந்தத் தீர்ப்பிலும் ஒரு சமூகத்தின் மேல்கீழ் ஏணி சாத்திவைக்கப்பட்டிருக்கிறது.

மண்டையை அளந்தவர்களும் இங்கு வந்து போயிருக்கிறார்கள். 1885-லிருந்து 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கவராயத்தையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு ஜாதி ஜாதியாகத் தலைகளை அளந்தார். தலையின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு எண் வரும். அந்த எண்ணில் இனமும் ஜாதியும் படிந்திருப்பதாக அக்காலத்து மானிடவியல் நம்பிற்று. 1909-ல் ரங்காச்சாரியின் துணையோடு அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் நெசவாளர்களான கைக்கோளரைப் பற்றியும் நீண்ட பகுதி உண்டு. தறியில் பாவின் இழைகளை எண்ணிக்கொண்டிருந்தவனின் தலையை வெளியிலிருந்து ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

சில வருஷங்களுக்குள் அந்த நம்பிக்கையில் விரிசல் விழுந்தது. நியூயார்க்கில் ஃபிரான்ஸ் போவாஸ், குடியேறிய குடும்பங்களில் ஏறக்குறைய 18,000 பேரை அளந்து 1912-ல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே பெற்றோருக்கு, பழைய நாட்டில் பிறந்த குழந்தைக்கும் அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கும் தலை எண் வேறுபட்டது. இனத்தின் மாறாத முத்திரை என்று கருதப்பட்டது, இடம் மாறினால் தானும் கொஞ்சம் மாறிற்று. அவருடைய கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்று 2002-லும் 2003-லும்கூட விவாதம் நடந்தது. தொட்டிலும் பாயும் படுக்கும் பழக்கமும் மண்டையின் எண்ணை மாற்றும் என்பதை மட்டும், எங்கள் வீட்டுப் பாயைப் பார்த்த எவரும் ஒப்புக்கொள்வார்கள். தர்ஸ்டனின் கவராயத்துக்கு அகப்பட்ட எண்ணில் ஜாதி எவ்வளவு, பாய் எவ்வளவு? பிறப்பால் வந்தது என்று நாம் ஸ்தாபித்து வைத்திருப்பவற்றில் எவ்வளவு, கிடத்தியதால் வந்தது? இந்தக் கேள்வியை மண்டையோடு நிறுத்திக்கொள்ளவேண்டிய அவசியமில்லை.

5

ஆயாவின் கையைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தடவி, மூக்கை நீவி, தலையை உள்ளங்கையால் சுற்றிச் சுற்றி உருட்டுகிறாள். உருட்டினால் எலும்பு சீராகும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை; உச்சிக்குழியின் பக்கம் அழுத்துவது கூடாது. கடுகு நிரப்பிய தலையணையும் அப்படித்தான். முதல் வருஷத்தில் தூங்கும் குழந்தைக்குத் தலையணையே ஆகாது, மூச்சை அடைக்கலாம் என்கிறார்கள் டாக்டர்கள். ஆனால் ஆயா வந்த வீடு எப்படிப்பட்ட வீடு என்று யோசித்தால் வேறொன்று புலப்படுகிறது. அந்த வீட்டில் குழந்தை பாயில் கிடந்த நேரம் குறைவு. மடி மாறி மடி, இடுப்பு மாறி இடுப்பு, தோள் மாறித் தோள் போய்க்கொண்டிருந்தது. மண்டையை உருண்டையாக வைத்திருந்தது உருட்டல் அல்ல, தூக்கலாக இருக்கலாம். அவள் கொடுக்கும் காரணம் தவறு. அவள் உலகம் செய்துவந்த காரியத்தில் ஒரு பகுதி சரி. சம்பிரதாயத்தை எதிர்கொள்வதில் நம் எழுத்தாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதற்குக் காரணம், காரணத்தையும் காரியத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாங்குவதோ வீசி எறிவதோதான் வழி என்று நினைப்பது.

மறுகோடியில் தலைக்கவசம் இருக்கிறது. தலையின் அச்சு எடுத்துச் செய்யப்பட்ட அதை நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் மாதக்கணக்கில் போட்டிருக்கவேண்டும். நம் பெருநகரங்களிலும் இப்போது கிடைக்கிறது. நெசவுக்கூலியை நம்பும் குடும்பம் எட்டிப்பிடிக்கிற விலை இல்லை. நெதர்லாந்தில், ஐந்தாறு மாத வயதில் நடுத்தரமான அல்லது கடுமையான தட்டை இருந்த 84 குழந்தைகளைச் சீட்டுப்போட்டுப் பிரித்து, ஒரு பாதிக்குக் கவசம் போட்டு, மறுபாதியைச் சும்மா விட்டுப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வெளிவந்தது. இரண்டு வயதில் முழுமையாகச் சரியானது கவசம் போட்டவர்களில் 26 சதவிகிதம்; போடாதவர்களில் 23. வேறுபாடு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. கவசம் போட்ட எல்லாக் குழந்தைகளின் பெற்றோரும் ஏதாவதொரு தொந்தரவைச் சொன்னார்கள்: தோல் அரிப்பு, வியர்வை, நாற்றம், அணைத்துக்கொள்ள முடியாமை. கடைசியாகச் சொன்னதில் என் கண் நிற்கிறது. தலையைச் சரியாக்குவதற்காக, தலையைச் சாய்த்துக்கொள்ளும் தோள் விலக்கப்படுகிறது.

இந்தப் புள்ளிவிவரத்தில் ஆறுதலும் இருக்கிறது, ஏமாற்றமும் இருக்கிறது. விலை கொடுக்க முடியாதவன் பெரிதாக எதையும் இழக்கவில்லை என்பது ஆறுதல். கால்வாசிக் குழந்தைகளுக்குத்தான் முழுவதும் சரியாகிறது, மற்றவற்றுக்கு ஏதோ கொஞ்சம் மிச்சம் நிற்கிறது என்பது ஏமாற்றம். முடி வளர்ந்து மூடிக்கொள்ளும் என்கிறார் டாக்டர். அது பதில்தான். ஆனால் உண்மையான பதில், முழு உருண்டையை நாம் யாருக்கும் கடன்படவில்லை என்பது. குழந்தைக்கு நாம் கடன்பட்டிருப்பது என்ன என்பதை வேறெங்கோ தேடவேண்டும்.

6

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது ஊர் தன்னுடைய இரண்டு படிமங்களைக் கொண்டுவந்து நீட்டுகிறது. நம்பிக்கையாளன் என்ற முறையில் இவற்றைச் சொல்லவில்லை; இந்தத் தெருக்களில் நடக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஏகாம்பரநாதர் கோயிலில் இருப்பது மண்ணால் ஆன லிங்கம். நதியில் வெள்ளம் வந்தபோது, கரைந்துவிடுமே என்று அம்பாள் கட்டித் தழுவிக்கொண்டாள், லிங்கம் குழைந்தது, அவள் வளையலின் தடமும் முலையின் தடமும் அதில் பதிந்தன என்பது கதை. தழுவக் குழைந்த நாதர் என்ற பெயர் அப்படி வந்தது. மண் என்பதால் அதற்கு நீரால் அபிஷேகம் செய்வதில்லை, புனுகு சாத்துகிறார்கள். வடு என்று நாம் சொல்லக்கூடிய ஒன்று இங்கே பெயராகி, பெருமையாகிவிட்டது. ஒருவர் காப்பாற்றியதற்கான தடம் காப்பாற்றப்பட்டதன் உடம்பில் இருக்கிறது. என் பேத்தியின் வலது பின்மண்டையையும் அப்படிப் படிக்கலாம்: தூக்கத்தில் மூச்சு தடைப்படாமல் இருக்கவேண்டும் என்று ஒருத்தி எடுத்த தீர்மானத்தின் தடம். இப்படிச் சொன்னால் மகளுக்குச் சற்று ஆறுதலாக இருக்குமோ என்னவோ. ஆனால் கதையை வைத்துத் தட்டையைப் புனிதமாக்கிவிடவும் எனக்கு விருப்பமில்லை. தவிர்க்கக்கூடிய சேதத்துக்கெல்லாம் ஸ்தலபுராணம் எழுதிச் சமாதானமடைவது நம் பண்பாட்டின் பழைய வியாதி.

இரண்டாவது படிமம் திருவெஃகா. கணிகண்ணனைப் பல்லவ அரசன் ஊரைவிட்டுப் போகச் சொன்னான். திருமழிசை ஆழ்வாரும் உடன் கிளம்பினார். பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். பெருமாள் போனார். அரசன் மன்னிப்புக் கேட்டபின் மூவரும் திரும்பினார்கள். திரும்பி வந்த பெருமாள், பழையபடி படுக்காமல் திசை மாறிப் படுத்துக்கொண்டார் என்கிறார்கள். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். மற்றத் தலங்களில் கிடக்கும் திசைக்கு மாறாக இங்கே கிடக்கிறார். எழுந்து போனதற்கான அத்தாட்சி அந்தத் திசை மாற்றம்தான். கிடந்தவர் எழுந்தார், ஒருவருடைய சொல்லுக்காக எழுந்தார், மறுபடி கிடந்தபோது அதே பக்கம் கிடக்கவில்லை. டாக்டர் தினமும் செய்யச் சொன்னதும் இதையேதான்: தலைமாட்டை மாற்றிப் போடு.

நாம் கடன்பட்டிருப்பது உருவத்தை அல்ல, திருப்புதலை என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது இங்கேதான். உருவம் நம் கையில் முழுதாக இல்லை. ஒரே பக்கமாகக் கிடந்து அந்தப் பக்கமே அதன் விதியாகிவிடாமல், போய்த் திருப்பிவிடுவது நம் கையில் இருக்கிறது. மண்டை இறுகுவதற்கு முன்னால் உள்ள சில மாதங்களில் அது அதிகமாகவே இருக்கிறது.

நம் பிள்ளைத்தமிழ் மரபு இதைத் தெரிந்தே வைத்திருந்ததோ என்றும் நினைக்கிறேன். பத்துப் பருவங்களில் இரண்டாவதான செங்கீரை, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, குழந்தை தலையை நிமிர்த்தி ஆடுகிற பருவம். அடுத்த பருவமான தாலில் அது தொட்டிலில் கிடக்கிறது. நிமிர்வதற்கும் கிடப்பதற்கும் தனித்தனியே பாட்டு. விழித்திருக்கும்போது குப்புறப் போட்டுக் கழுத்தைப் பலப்படுத்து என்று டாக்டர் சொல்வதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. குப்புற விழுவதைக் கொண்டாடிப் பலகாரம் செய்கிற வீடுகள் இருக்கின்றன. தரையிலிருந்து தன் தலையை ஓர் உயிர் தானாகவே எடுத்துக்கொள்கிறது என்பதைவிடக் கொண்டாடத்தக்கது வேறென்ன இருக்கிறது?

7

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை இதமாக முடிந்துவிடும். ஆனால் பிள்ளையார்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு, உடம்புக்கு உருவம் கொடுப்பதைப் பற்றி எழுதும்போது, தறிக்குழியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

காஞ்சிபுரப் புடவையின் பெருமை கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்பட்டு, ஒவ்வொரு ஊடையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். தறியில் இருப்பவன் ஒருவனால் எட்டாத பக்கத்து நாடாவை வாங்கித் திருப்பி அனுப்ப இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் நீண்ட காலம் ஒரு குழந்தையாகவே இருந்தது. 2003-ல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குக் குழந்தை தறியில் உட்கார்ந்தது. இப்போது தெருக்களில் தறிச் சத்தமே குறைந்துவிட்டது. பழைய அளவில் இல்லைதான். ஆனால் 2016-ல் திருத்தப்பட்ட சட்டம், பதினாலு வயதுக்குக் கீழ் வேலையைத் தடைசெய்துவிட்டு, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊரில் அந்த வாசல் எவ்வளவு பெரியது என்று சொல்லவேண்டியதில்லை.

தறிக்குழிக்குப் பக்கத்தில் ஒரே பக்கம் பார்த்து உட்காரவைக்கப்பட்ட எட்டு வயதுப் பையனின் முதுகும் ஓர் உருவம் பெறுகிறது. அதற்கும் ஒரு திசை இருக்கிறது. ஆயாவோ சம்பந்தியம்மாவோ பதறுவதில்லை. யாரும் கவசம் செய்து விற்பதில்லை. கைக்குழந்தையின் மண்டையில் சில மில்லிமீட்டர் கோணலுக்காக இவ்வளவு கவலைப்படும் ஒரு சமூகம், உச்சிக்குழி மூடிய மறுநாளிலிருந்து அதே குழந்தை எந்தப் பக்கமாகக் கிடக்கிறது என்று கேட்பதை ஏன் நிறுத்திவிடுகிறது? மண்டையைப் போலவே மற்றவையும் மெதுவாகத்தான் இறுகுகின்றன. நமக்கு அவகாசம் இருக்கிறது. அவகாசம் இருப்பதே நம் குற்றத்தைக் கூட்டுகிறது.

இதைச் சொல்வதால் கைக்குழந்தையின் தட்டை அற்பமாகிவிடாது. பெரிய அநியாயத்தைக் காட்டிச் சின்னக் கவலையை வாயடைப்பது மேடைப் பேச்சாளனின் தந்திரம். என் மகளின் கவலை உண்மையானது. அவள் செய்வது என்ன என்று பார்த்தால், இரவில் மூன்று தடவை எழுந்து குழந்தையின் தலையை இடது பக்கம் திருப்பிவிடுகிறாள். அது தூக்கத்திலேயே பழைய பக்கம் திரும்பிக்கொள்கிறது. மறுபடி திருப்புகிறாள். கோபமில்லாமல், நம்பிக்கை என்று சொல்லும்படி ஒன்றும் பெரிதாக இல்லாமல், விடாமல். ஓர் உயிருக்கு இன்னோர் உயிர் செய்யக்கூடியதன் அளவு இவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. அழுத்தினால் வன்முறை, விட்டுவிட்டால் தரை எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், மறுபடியும் போய்த் திருப்பி வைக்கும் இந்தச் சின்ன வேலை இருக்கிறது. இதற்கு முடிவு கிடையாது, சான்றிதழ் கிடையாது, இன்னொருவர் பார்த்துப் பாராட்டும்படியான பலனும் பெரும்பாலும் கிடையாது.

தார்மீகத் தத்துவம் இந்த வேலைக்கு இன்னும் ஒரு பெயர் வைக்கவில்லை. இந்தத் தெருவில் அதைப் 'பாத்துக்கறது' என்கிறார்கள். தறிக்குழியின் பக்கத்தில் இருப்பவனுக்கும் அந்த ஒரே சொல்தான் தேவை. அதை அவனுக்குச் சொல்ல எத்தனை பேர் எழுந்திருக்கிறோம் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி.